நீ தொட்டு நின்ற காய்

இன்று காலை அடுப்பு மூட்டுவதற்காகக் காய்ந்த பருத்திமார்க் குச்சி உருவப் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பச்சை நூல். குச்சிப் போரின் அடியில் கிடந்த பழைய கட்டு அது. மேலே இருந்த புது மார் மழையில் நனைந்துவிட்டதால் அடியிலிருந்து இழுத்தேன். கரையான் அரித்த குச்சி ஒன்றில், கிளை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நிறம் போன பச்சை நூல் இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது. ஒற்றை முடிச்சு என்னுடையது. இரட்டை முடிச்சு உன்னுடையது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எழுத்து தெரியாது. நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா பிள்ளை பெறும்போது செத்துப்போனாள், பிள்ளையும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஆள் வேண்டுமென்று என்னை நிறுத்திவிட்டார்கள். கற்ற நாலு எழுத்தை வைத்து உனக்கு எழுதுகிறேன். பேச வாய் வராதவளுக்கு இதுதான் வழி. நீயே என்னை "ஊமச்சி" என்றுதானே கூப்பிடுவாய்.

அந்த வேலைக்கு நம் இருவரையும் சேர்த்த நாள் நினைவிருக்கிறதா? சண்டைக் காலம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் ராசிபுரத்திலிருந்து சோலார் தொப்பி போட்ட ஓர் ஐயா வந்து இறங்கினார். சேந்தமங்கலம் போகும் வழியில் கிணற்றோடு இருந்த அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு பாத்தியில் நம்மூர் உப்பம் பருத்தியும் அடுத்த பாத்தியில் கம்போடியாப் பருத்தியும் போட்டிருந்தார்கள். உப்பம் மழையை நம்பி வளரும், நூல் கட்டை. கம்போடியாவுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும், ஆனால் நூல் நீளம். இரண்டையும் சேர்த்து ஒரு செடி கிடைத்தால் மானாவாரியிலேயே நீள நூல் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவரைப் பருத்தி ஐயா என்றோம். அவர் பேர் நமக்குத் தெரியாது.

சின்ன விரல் வேண்டும் என்று மேஸ்திரி பெண் பிள்ளைகளாகத் தேடினார். அவர் இன்னொன்றும் பார்த்தார். "பூவுக்குள்ள கை வெக்கற வேல. ஊட்டுக்குத் தூரமாகற பொம்பள ஆகாது. பெரிய மனுசி ஆகாத புள்ளைங்க மட்டும் வாங்க" என்றார். நான் போனேன், நீயும் வந்தாய். உன்னைப் பார்த்ததும் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"இவளுக்கு என்ன, ஆயுசு பூரா இந்த வேலைக்கு வரலாம்."

"இருசிக்கு ஏது தூரம்?"

பதினாறு நடந்தும் நீ வயசுக்கு வரவில்லை. அதனால் ஊரே உன்னை இருசி என்றது. கடைசி வரைக்கும் பூக்காத பெண்ணுக்கு அந்தப் பேர். நீ திரும்பி, "ஆமாங்க பெரியம்மா, வருசம் முச்சூடும் கூலி கெடைக்கும். உங்களுக்கு மாசத்துல நாலு நாள் போயிருது பாருங்க" என்றாய். அவர்கள் வாய் மூடியது. ஆனால் வரப்பில் நடக்கும்போது உன் கழுத்து சிவந்திருந்ததைப் பின்னால் வந்த நான் பார்த்தேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம், மறுநாள் விரியப் போகிற மொட்டாகப் பார்த்து, நகத்தால் சுற்றிக் கீறி, இதழையும் தூள் உள்ள பாகத்தையும் சேர்த்து உரித்துவிட வேண்டும். நடுவில் ஈர்க்குப் போல ஒரு தண்டு மட்டும் நிற்கும். அதன்மேல் காகிதக் கூடு. காலையில் கூட்டைக் கழற்றி, மற்ற பருத்தியின் விரிந்த பூவைக் கொண்டுவந்து அந்தத் தண்டில் தூளைத் தடவி, திரும்பவும் மூடிச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். உப்பம் பூ மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு. கம்போடியா வெளுப்பு, மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடும். தேனீ இரண்டிலும் உட்கார்ந்து எழுந்து போகும். அதன் முதுகெல்லாம் தூளாக இருக்கும்.

பிஞ்சுகள் முதலில் நன்றாகத்தான் தெரிந்தன. பிறகு காம்பு மஞ்சளாகும். காலையில் வந்து பார்த்தால் சிவப்பு நூலோடு தரையில் கிடக்கும். ஒன்றும் நிற்கவில்லை. நாள் போகப் போக எல்லோருடைய பாத்தியிலும் தரை சிவப்பாக இருந்தது.

எனக்கு ஏன் பயம் என்று அப்போது உனக்கும் தெரியாது. தை பிறப்பதற்கு முன்பே நான் பெரியவளாகிவிட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பச்சை ஓலைக் குடிசை கட்டுவார்கள், சீர் நடக்கும், அடுத்த முகூர்த்தத்தில் அத்தை மகனோடு கல்யாணம் பேசுவார்கள், அதற்கடுத்த வருஷம் பிள்ளை. எனக்கு அம்மாவின் அலறல் காதை விட்டுப் போகவில்லை. அடைத்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் கேட்டது அது. அதனால் பழந்துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு, வீட்டோடு இருந்த அத்தை எழுவதற்கு முன்னால் வாய்க்காலுக்குப் போய் அலசி, கற்றாழைப் புதருக்குள் காயப்போட்டேன். அத்தை என் பக்கம் திரும்பினாலே குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

பிஞ்சு உதிரத் தொடங்கியதும் அது வேறு பயமாக மாறியது. என் கைதான் என்று நினைத்தேன். தூரத்தோடு தொட்ட கை. துளசி கருகும், வெற்றிலைக்கொடி அழுகும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் வேறு என்ன நினைப்பேன்? காலையில் தரையில் கிடக்கும் சிவப்பு நூலைப் பார்த்தால் என் துணியைப் பார்ப்பது போலவே இருக்கும்.

நீ என்னைக் கண்டுபிடித்தது வாய்க்காலில்தான். விடியும் நேரம். நான் அலசிக்கொண்டிருந்தேன். நீ குடத்தோடு வந்து பின்னால் நின்றாய்.

"எத்தன நாளா புள்ள இது?"

நான் துணியைத் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

"கேக்கறனில்ல. எத்தன நாளா?"

"ரெண்டு தடவ ஆச்சு" என்றேன். "சொல்லிப்போடாத. உன்ற கால்ல உழுகறேன்."

நீ குடத்தை வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாய். நீ திட்டுவாய் என்று நினைத்தேன், பொறாமைப்படுவாய் என்றும் நினைத்தேன். நீ சொன்னது வேறு.

"ஊருல பாதிப் பேரு பூ உழுகறது இருசி கைபட்டுன்னு பேசறாங்க. மேஸ்திரி தூரம்னு பேசறாரு. உனக்கும் தூக்கம் இல்ல, எனக்கும் தூக்கம் இல்ல. நல்ல சோடிதான் போ."

அன்றைக்கே மேஸ்திரி நம்மை வரிசையாக நிறுத்தினார். "எவளோ ஒருத்தி பொய் சொல்லிக்கிட்டு செடியத் தொடறா. வார வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, மாரியாத்தா கோயல்ல ஒவ்வொருத்தியாச் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணோணும். சுத்தமானவளுக்கு என்ன பயம்?" என்றார்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு அந்தக் கை சூம்பிப்போன கதையை நீயும் கேட்டிருக்கிறாய். பொய் சொன்னால் ஆத்தா கண்ணைக் குத்துவாள். மெய் சொன்னால் அத்தை. நான் அன்று சோறு தின்னவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நீ என்னைக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் மேட்டுக்குப் பின்னால், யாரும் அதிகம் வராத மூலைக்குக் கூட்டிப்போனாய். உன் பாவாடைக் கரையிலிருந்து பச்சை நூலை உருவினாய்.

"அழுவாத சாமி. கேளு. ஒண்ணு உன்ற கை கெட்டதா இருக்கோணும், இல்லாட்டி என்ற கை. ரெண்டும் இல்லீனா அந்த ரெண்டு பருத்திக்கும் ஒத்துக்கல. எதுன்னு பாத்துப்போடலாம்."

"எப்படிப் பாக்கறது?"

"இவத்த இருக்கற உப்பத்த இதே மாதிரி உரிச்சு, இதே மாதிரி மூடி, உப்பத்துத் தூளையே தடவு. நானும் தடவறேன். கம்போடியாவுலயும் அப்படியே, அதுக்கு அது. கை கெட்டதுன்னா இதும் உழுகத்தான வேணும்? பூவுக்குத் தெரியுமா கை எதுக்கு வந்துதுன்னு?"

அப்படி யோசிக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. கெட்டது என்றால் கெட்டதுதான், அதைச் சோதித்துப் பார்ப்பார்களா? அன்று சாயங்காலம் உரித்து மூடினோம், விடிந்ததும் நான் பயந்துகொண்டே தடவினேன். எனக்கு அப்போதும் துணி கட்டியிருந்தது. அதுவும் நல்லதுதான் என்றாய் நீ. "நல்லா அழுத்தித் தொடு. பொறவு சந்தேகம் இருக்கக் கூடாது." என் பூவுக்கு ஒற்றை முடிச்சு, உன் பூவுக்கு இரட்டை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் எப்போதும் பயந்ததில்லை. உன்னைப் புதைத்த நாளில்கூட இல்லை. மேட்டுக்குப் பின்னால் போகவே கால் வராது. நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவாய். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று நான் கண்ணை மூடிக்கொண்டு உன்னைக் கேட்பேன். "இருக்குது, தொறந்து பாரு" என்பாய். மூடியே இருப்பேன். "பாக்காமயே பயப்படற நாயே" என்று தலையில் குட்டுவாய்.

சில பிஞ்சுகள் விழுந்தன. அன்று நான் அழுதேன். சும்மா விட்ட செடியிலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும் என்று பக்கத்துச் செடிகளைக் காட்டினாய். வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க, சிவப்பு நூல் எல்லாம் தரையில் கிடந்தது. பச்சை நூல் பெரும்பாலும் செடியில் இருந்தது. என் ஒற்றை முடிச்சுக்கு மேலே காய் கோலிக்குண்டு அளவு திரண்டு நின்றது. உன் இரட்டை முடிச்சுக்கு மேலேயும் நின்றது.

நீ முதலில் சிரித்தாய். "உன்ற கையும் இல்ல, என்ற கையும் இல்ல!" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காயைத் தொடாமல் அதன் கீழே உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாய். "இந்தக் கை தொட்டும் நிக்குது பாத்தியா புள்ள" என்றாய். உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி சூடத்தோடு வந்தார். நல்ல வேளை, பருத்தி ஐயாவும் அன்று வந்திருந்தார். நீ வரிசையை விட்டு முன்னால் போனாய். நான் உன் பாவாடையைப் பிடித்தபடி பின்னால் வந்தேன்.

"ஏனுங்க ஐயா, ஒண்ணு காட்டறேன், வந்து பாருங்க. இனத்துக்கு இனம் தடவினது நிக்குதுங்க. மாத்தித் தடவினது எந்தக் கைபட்டாலும் நிக்கலீங்க."

"உன்ன எவடி இதப் பண்ணச் சொன்னது?" என்று மேஸ்திரி பாய்ந்தார். ஐயா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு நம்மோடு மேட்டுக்குப் பின்னால் வந்தார். பச்சை நூலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"நிக்காதுன்னு எனக்குத் தெரியுமே அம்மா" என்றார். "பாக்கறதுக்கு ரெண்டும் பருத்திதான், அண்ணன் தம்பி மாதிரி. ஆனா உள்ளே ரொம்பத் தூரம் விலகிப் போச்சு. தூள் விழுந்ததும் பிஞ்சு ஏமாந்து கொஞ்சம் பெருக்கும். உள்ளே விதை உருவாகாது. செடியே உதறிடும். பக்கத்துப் பக்கத்துல இத்தனை வருஷமா போடறாங்க, தேனீயும் போயிட்டு வருது, கலந்துதா? கலக்காது. எங்கேயாவது ஒண்ணு தப்பி நிக்குமான்னு பாக்கத்தான் இத்தனை பூவும். மேஸ்திரி, இதை இவங்களுக்குச் சொல்லலையா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"கையில என்ன சூடம்?"

"சும்மாங்க. வெள்ளிக்கெழமைங்களே, சாமி கும்பிடலாமுன்னு."

பின்னாலேயே வந்திருந்த எல்லோரும் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் தூக்கமில்லாமல் கிடந்த நாளெல்லாம் அது விழும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. நாம் பயப்படுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சத்தியம் அதோடு நின்றது. என்னுடைய ரகசியம் உன்னோடு நின்றது.

பங்குனி வெயிலில் வாந்திபேதி வந்தது. உன்னைப் பார்க்க என்னை விடவில்லை. உன் அம்மா அழுத சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது, அதில்தான் தெரிந்துகொண்டேன். உன்னைப் புதைத்த இடத்தில் முள் வெட்டிப் போட்டார்கள். நரி தோண்டாமல் இருக்க என்று அப்பா சொன்னார். அத்தை சொன்ன காரணம் வேறு. பூக்காமல் செத்த இருசி அடங்க மாட்டாளாம். கூடத் திரிந்த பெண்ணைத் தேடி வருவாளாம். நான் உன்னைப் பார்த்து அப்படிப் பயப்படுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். ஆனால் பயந்தேன். சாயங்காலம் அந்தக் காட்டு ஓரம் வருவதென்றால் முந்தானையைத் தலையில் போட்டு ஓடுவேன். காற்றில் காய்ந்த பருத்திமார் உரசினால் நீ கூப்பிடுவது போல இருக்கும்.

அந்த ஆவணியில், அதுதான் முதல் தடவை என்பதுபோல அத்தையிடம் சொன்னேன். மறைத்து வைக்க நீயும் இல்லாதபோது என்னால் முடியவில்லை. குடிசை கட்டினார்கள், சீர் நடந்தது. வருகிற ஆவணியில் கல்யாணம். ராசிபுரத்தில் நெய்க்கடையில் இருக்கும் அத்தை மகனுக்குத்தான். நல்லவர் என்கிறார்கள். எனக்குத் தெரியாது.

நேற்று அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அம்மிணி, நானே உனக்கு மாமியாரா வரப்போறவ, அதனால சொல்றேன். அந்த இருசி நெழலு உன்ற மேல இருக்குது. அவ தொட்டது, குடுத்தது, எதாச்சும் இருந்தா அடுப்புல போட்டுரு. இல்லீனா உன்ற வயிறும் தரிக்காது. இருசி தொட்டது எது மொளச்சுது சொல்லு?"

நான் தலையை ஆட்டினேன். வயிறு தரித்தாலும் பயம், தரிக்காவிட்டாலும் பயம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடமானால் சொல்லியிருப்பேன். நீ என் தலையில் குட்டியிருப்பாய்.

இன்று காலையில்தான் இந்தப் பச்சை நூல். அந்தக் காட்டு மாரை வெட்டியபோது ஒரு கட்டு அப்பாவுக்கும் கொடுத்தார்கள். அது போரின் அடியில் போய்விட்டது. உன் முடிச்சுக்கு மேலே காய் இன்னும் இருந்தது. பாதி வெடித்து, பாதி வெடிக்காமல், யாரும் எடுக்காமல் விட்ட காய். கறுத்த ஓட்டுக்குள் பஞ்சு அழுக்காகக் கட்டியிருந்தது. விரலால் அமுக்கினேன். உள்ளே விதை கெட்டியாக இருந்தது.

கைதானா, செடிதானா என்று பார்த்துவிட்டு அப்புறம் பயப்படு என்று நீ சொல்லிக்கொடுக்கவில்லை. செய்து காட்டினாய். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பயத்தோடுதான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.

"அடுப்பு மூட்டினயா இல்லியா, அம்மிணி?" என்று உள்ளேயிருந்து அத்தை கேட்டாள்.

"மூட்டறேனுங்க அத்தே" என்றேன்.

நூலை அவிழ்த்து, காயை ஒடித்து, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மிச்சக் குச்சியை அடுப்பில் சொருகினேன். நெருப்பு பிடித்ததும் பின்பக்கமாகக் கிணற்றடிக்குப் போனேன். ஆடி மழையில் வாய்க்கால் ஓரம் மண் ஈரமாக இருந்தது. பஞ்சைப் பிய்த்து விதையை எடுத்தேன். பெருவிரலால் குழி செய்து ஒவ்வொன்றாக ஊன்றி, மண்ணைத் தள்ளி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் உன் பச்சை நூலை இரட்டை முடிச்சாகக் கட்டினேன்.